அடுக்ககங்களின் முகப்பும் ஏசி வெளிப்பெட்டிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் மகாமகக் குளத்திலிருந்து பத்து நிமிட நடைத்தொலைவில் உள்ள நான்கு தள அடுக்ககம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறேன். 24 வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவர்களில் இன்றைய தேதிக்கு 41 ஏசி வெளிப்பெட்டிகள் தொங்குகின்றன. அவற்றில் 17 பெட்டிகள் தெருவைப் பார்த்த முகப்பில் இருக்கின்றன. வரும் 2028ஆம் ஆண்டு மகாமகத்துக்கு முன்பாக முகப்பைச் சீர்செய்துவிட வேண்டும் என்றும், அதன் முதற்படியாக இந்த 17 பெட்டிகளையும் ஒரே நிறத் தகட்டுக் கூடுகளால் மூடிவிட வேண்டும் என்றும் சென்ற மாத நலச்சங்கக் கூட்டத்தில் தீர்மானம் ஒன்று முன்வைக்கப்பட்டது. பலரும் கைதட்டி வரவேற்றனர். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொண்டவன் நான் ஒருவன்தான். அங்கே ஐந்து நிமிடங்களுக்கு மேல் பேச வாய்ப்பில்லாததாலும், தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் அடுக்ககங்களிலும் இதே யோசனை எழுந்து வருவதை உறவினர் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் கேட்டு வருவதாலும், என் காரணங்களைத் தங்கள் நாளிதழ் வழியாக விரிவாக எழுத விரும்புகிறேன்.

அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்சாதனப் பிரிவில் 28 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால், இயந்திரத்தின் பக்கம் மட்டுமே நின்று பேசுகிறேன் என்று யாரும் கருதிவிட வேண்டாம். அந்தப் பெட்டிகள் பார்வைக்கு நன்றாக இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தெருவில் இன்னும் ஐந்தாறு பழைய வீடுகள் நாட்டு ஓட்டுக் கூரையோடும், திண்ணையோடும், எண்ணெய் ஏறிக் கறுத்த மரத்தூண்களோடும் நிற்கின்றன. கோயிலுக்கு வருகிறவர்கள் அந்த வீடுகளைப் படம்பிடித்துக்கொண்டே வந்து, எங்கள் கட்டடத்தைக் கண்டதும் கைப்பேசியைத் தாழ்த்திக்கொள்வதை மாடியிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். அது எனக்கும் வருத்தம் தருகிறது. தெருவின் முகம் தெருவில் நடக்கிற எல்லாருக்கும் உரியது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த முகப்பில் கண்ணை உறுத்துவது எது என்பதை ஒரு நாள் காலையில் எதிர்வரிசைத் திண்ணையில் அமர்ந்து பொறுமையாகப் பார்த்தேன். வெள்ளைப் பெட்டிகளைவிட, அவற்றைச் சுற்றியுள்ளவைதான் அலங்கோலமாகத் தெரிந்தன. கறுப்புச் சுற்று கிழிந்து தொங்கும் செம்புக் குழாய்கள், சன்னல் வழியாகக் குறுக்கே இழுத்த மின்கம்பிகள், துருப்பிடித்த இரும்புத் தாங்கிகளிலிருந்து சுவரில் வழிந்த செந்நிறக் கோடுகள், வடிநீர்க் குழாயின் வாய் எங்கே திறக்கிறதோ அங்கிருந்து தரைவரை பச்சையும் கறுப்புமாகப் படர்ந்த பாசி, பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் புறாக்கள் சேர்த்துவைத்த சுள்ளிகள் ஆகியவை எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தோற்றத்தை உண்டாக்குகின்றன. தகட்டுக் கூடு போட்டால் பெட்டி மறையும். பாசியும் துருக்கோடும் மறையமாட்டா. குழாய்களை ஒழுங்காக மடித்து, பி.வி.சி. உறைப்பட்டிக்குள் செலுத்தி, அந்தப் பட்டிக்குச் சுவரின் நிறத்தையே பூசி, தாங்கிகளைத் துத்தநாகம் பூசியவையாக மாற்றி, எல்லாப் பெட்டிகளையும் ஒரே மட்டத்தில் ஏற்றிவிட்டாலே தெருவிலிருந்து பார்ப்பவரின் கண் அவற்றைக் கடந்து போய்விடும். கூட்டுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கில் இந்த வேலை முடிந்துவிடும்.

இனி, மூடுவதில் உள்ள தீங்கைச் சொல்கிறேன். ஏசி என்பது குளிரை உண்டாக்கும் கருவி என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் அது அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டும் கருவி. ஒன்றரை டன் இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து ஏறத்தாழ 5,000 வாட் அளவு வெப்பத்தை எடுக்கிறது; அதை எடுப்பதற்காகத் தான் உண்ணும் 1,500 வாட் அளவு மின்சாரத்தையும் வெப்பமாக்கி, இரண்டையும் சேர்த்து அவுட்டோர் எனப்படும் வெளிப்பெட்டியின் வழியாக வெளியேற்றுகிறது. வாளித் தண்ணீரைச் சுட வைக்கும் 1,000 வாட் ஹீட்டர் கம்பிகள் ஆறேழு ஒரே இடத்தில் எரிவதற்கு இது சமம். பின்புறமும் பக்கவாட்டிலும் காற்றை உறிஞ்சி, வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர் சுருளின் ஊடே இழுத்து, முன்புறம் தள்ளுவதுதான் அந்த விசிறியின் வேலை. தள்ளிய சூடான காற்று எதிரே உள்ள மறைப்பில் மோதித் திரும்பினால், இயந்திரம் தன் சூட்டையே மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. அப்போது குழாய்க்குள் வெப்பத்தைச் சுமந்து சுற்றும் வாயுவின் அழுத்தம் ஏறுகிறது, அந்த வாயுவை அழுத்தும் கம்ப்ரசர் கூடுதல் மின்னோட்டம் இழுக்கிறது, அறையில் குளிர்ச்சி குறைகிறது. வாயு குளிர்ந்து நீர்மமாகும் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் மின்செலவு இரண்டு மூன்று சதவீதம் ஏறும் என்பது எங்கள் தொழிலில் வழங்கிவரும் கணக்கு. இயந்திரத்தின் மீது ஒட்டியுள்ள குளிர்த்திறன் அளவு, வெளிக்காற்று 35 டிகிரியில் இருக்கும்போது அளந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊர்க் காற்றே அதைத் தாண்டிவிடுகிறது. அதன்மேல் கூடு வேறு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை, என் வீட்டிலேயே சான்று உண்டு.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் இளைய மகளின் நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். சம்பந்தி வீட்டார் அமரும் கூடத்திலிருந்து பால்கனியைப் பார்த்தால் நேரே அவுட்டோர்தான் தெரியும் என்று என் மனைவி வருந்தியதால், மார்கழியில் ஆசாரி ஒருவரை வரவழைத்து, அந்தப் பெட்டியைச் சுற்றித் தேக்குச் சட்டத்தில் ஓர் அலமாரியே செய்தேன். முன்புறம் சாய்ந்த பட்டைகள்; மேலே மழைக்காகப் பலகை; பக்கங்களில் ஒட்டுப்பலகை; கீழே நான்கு விரற்கடை இடைவெளி. காற்று போக இது போதும் என்று நானே தீர்மானித்தேன். தை மாதத்தில் நிகழ்ச்சி நடந்தது. இயந்திரமும் நன்றாகவே ஓடியது. பங்குனி வரை ஒரு குறையும் தெரியவில்லை. சித்திரை பிறந்து பேரக்குழந்தைகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, பிற்பகல் இரண்டு மணிக்கு இருபது நிமிடம் ஓடுவதும், தானே நின்று அரைமணி நேரம் கழித்து எழுவதுமாக அது தத்தளிக்கத் தொடங்கியது. வாயு குறைந்திருக்கும் என்று எண்ணி, என்னிடம் படித்து இப்போது சொந்தமாகத் தொழில் செய்யும் மாணவரை அழைத்தேன். அவர் அழுத்தமானியை மாட்டுவதற்கு முன்பே அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "சார், கேஸெல்லாம் சரியாத்தான் இருக்கும். இது மூச்சு முட்டி நிக்குது" என்றார். வெப்பமானியை உள்ளே வைத்தபோது 52 டிகிரி காட்டியது. பால்கனியில் அப்போது 38 டிகிரி. கதவையும் மேற்பலகையையும் கழற்றியதும் அரைமணி நேரத்தில் அறை குளிர்ந்துவிட்டது. அந்த இரண்டு மாதக் கணக்கில் முந்தைய ஆண்டைவிட 140 யூனிட் கூடுதலாக ஓடியிருந்தது. வீட்டில் புதிதாக வேறு கருவி எதுவும் வாங்கியிருக்கவில்லை.

குளிர்காலத்தில் செய்து பார்த்துத் திருப்தி அடைந்ததுதான் நான் செய்த பிழை. எங்கள் அடுக்ககத் தீர்மானத்திலும் அதே பிழை நடக்கவிருக்கிறது. மாதிரிக்காக ஒரு வீட்டில் கூடு பொருத்திப் பார்த்து ஒரு வாரத்தில் முடிவெடுக்கலாம் என்று சொன்ன உறுப்பினர், அந்த ஒரு வாரம் அக்னி நட்சத்திரத்தில் அமைய வேண்டும் என்பதையும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ள வேண்டும். அறை ஏசிகள் 24 டிகிரியில் இயங்கும்படி முன்கூட்டியே அமைக்கப்பட்டு வர வேண்டும் என்று 2020 சனவரி 1 முதல் நடுவண் அரசு விதி கொண்டுவந்தது மின்சாரத்தை மிச்சப்படுத்தத்தான். அந்த மிச்சத்தை ஒரு தகட்டுக் கூட்டுக்குள் நாமே எரித்துவிடுவது எந்த வகையிலும் நியாயம் ஆகாது.

அப்படியானால் மறைக்கவே வழியில்லையா என்று கேட்டால், உண்டு. மறைப்பு பெட்டியை ஒட்டி நிற்காமல் விலகி நிற்க வேண்டும் என்பதே என் பதில். ஒவ்வொரு இயந்திரத்தோடும் வரும் பொருத்துமுறைக் கையேட்டில் பின்புறம் இவ்வளவு, பக்கங்களில் இவ்வளவு, முன்புறம் இவ்வளவு என்று இடைவெளி அளவு படத்தோடு கொடுக்கப்பட்டிருக்கும். நம்மில் பெரும்பாலோர் அதைப் பெட்டியோடு குப்பையில் போட்டுவிடுகிறோம். பால்கனிக்குள் இருக்கும் பெட்டியானால், கைப்பிடிச் சுவருக்கு உட்புறமாக, அலுமினியப் பட்டைகளை அகலமான இடைவெளியில், தரைக்கு ஏறக்குறைய இணையாகப் பொருத்தலாம். தெருவிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குப் பட்டைகளின் அடிப்பக்கம் மட்டுமே தெரியும். நேராக வெளியேறும் காற்றுக்கோ தடை இராது. மறைப்பின் பரப்பில் முக்கால் பங்காவது திறப்பாக இருக்க வேண்டும். மழைநீர் உள்ளே வரக்கூடாதென்று பட்டைகளைச் செங்குத்தாகச் சாய்க்கும் வழக்கம் தவறானது. வெளிப்பெட்டி மழையில் நனைவதற்காகவே செய்யப்பட்டது. அதற்குக் குடை தேவையில்லை.

துளைச் செங்கல் சுவர் எழுப்புவதைச் சிலர் விரும்புகிறார்கள். பார்வைக்கு மிக அழகானது, எனக்கும் பிடிக்கும். கோயில்களில் கல்லைத் துளைத்துப் பலகணி வைத்தவர்களும், கூடத்துத் தாழ்வாரத்தில் மூங்கில் தட்டியும் வெட்டிவேர்த் தட்டியும் கட்டியவர்களும் நம் ஊர்க்காரர்கள்தாம். பார்வையை மறித்துக் காற்றை மறிக்காத மறைப்பு இங்கே புதிய கண்டுபிடிப்பு அன்று. இருந்தாலும் செங்கலில் துளையைவிட மண்தான் மிகுதி என்பதால், விசிறியின் நேர் எதிரே அதை வைக்கலாகாது; பக்கச் சுவராக வைத்து முன்புறத்தைத் திறந்துவிட்டால் பொருந்தும். கொடி படரவிடுவதும் அப்படித்தான். சங்குப்பூவோ முல்லையோ பெட்டிக்குப் பக்கவாட்டில் கம்பிவலையில் ஏறட்டும்; சுருளின் பின்புறம் ஏறினால் உதிர்ந்த இலைகள் அலுமினியத் தகடுகளுக்கிடையே அப்பிக்கொள்ளும். மேலும், விசிறிக் காற்றின் நேர் வழியில் எந்தச் செடியும் ஒரு கோடையைத் தாண்டாது.

நிறம் பூசுவது எல்லாவற்றினும் எளிது. வெளிப்பெட்டியின் உலோக உறைக்குச் சுவரின் நிறத்தில் நல்ல உலோக வண்ணம் அடிக்கலாம். சுருளின் மீதும் தகடுகளின் மீதும் ஒரு துளியும் படக்கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரமானால் விற்றவரிடம் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கத்து வாசகர்கள் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சாதாரண இரும்புச் சட்டத்தில் செய்த மறைப்பு அங்கே சில ஆண்டுகளில் அரித்துவிடும். அரித்த சட்டம் காற்றில் பிய்ந்தால் என்ன நேரும் என்பதை 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது கூரைத் தகடுகள் பறந்ததைக் கண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது மாடிச் சுவரில் நான்கு திருகாணிகளில் நிற்கும் ஒரு தகட்டுக் கூடு, முழுதாக மூடியிருக்கும் காரணத்தாலேயே, காற்றைப் பாய்மரம்போல் வாங்கும்.

அறைக்குள் இருக்கும் பெட்டியை மறைப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது மேலிருந்து காற்றை இழுத்துக் கீழ்வழியாக விடுகிறது. பொய்க்கூரைக்குள் புதைத்துவிட்டால், விட்ட குளிர்காற்றையே மறுபடி இழுத்து, அறை குளிர்ந்துவிட்டதென்று எண்ணி கம்ப்ரசரை நிறுத்திவிடும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு வியர்க்கும். மேலே அரையடி இடைவெளி விட்டு, கீழ்ப்பகுதியை முழுவதும் திறந்து, முன்னால் மட்டும் பிரம்புப் பின்னலாலான கதவு வைத்துக்கொள்ளலாம். சீர்காழிக்கு அருகே தைக்காலில் பிரம்பு வேலை செய்கிறவர்களிடம் அளவு கொடுத்தால் கண்ணறை பெரிதாக விட்டுப் பின்னித் தருவார்கள். ரிமோட்டின் கதிரும் அதன் ஊடே போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவ அந்தக் கதவு எளிதாகத் திறக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

கூட்டத்தில் யாரும் பேசாத ஒன்று வடிநீர். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் ஒன்றரை டன் இயந்திரம் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்கு நீர் வடிக்கும். எங்கள் கட்டடத்தில் அது மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுச் சன்னல் மறைப்பில் சொட்டி, இரவெல்லாம் தாளம் போட்டு, இரண்டு குடும்பங்கள் ஒன்றரை ஆண்டாக முகம் பார்த்துப் பேசாமல் இருக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டு வடிநீரையும் பொதுவான ஒரு குழாயில் சேர்த்துத் தரைக்கு இறக்கினால் சுவரில் பாசியும் படியாது, கீழே உள்ள நந்தியாவட்டைக்கும் செம்பருத்திக்கும் தண்ணீர் கிடைக்கும். முகப்பை அழகாக்கும் செலவில் முதல் ரூபாயை இதற்குத்தான் ஒதுக்க வேண்டும் என்பேன்.

இதையெல்லாம்விட என் மனத்தை அழுத்துவது வேறு. வெளிப்பெட்டியை ஆண்டுக்கு இருமுறையாவது ஒருவர் கழுவ வேண்டும். வாயு கசிந்து குறைந்தால் ஏற்ற வேண்டும். பழுதானால் இறக்க வேண்டும். எங்கள் கட்டடத்தின் முகப்பில் உள்ள 17 பெட்டிகளில் 11 பெட்டிகளுக்குப் பால்கனியிலிருந்து கை எட்டாது. வேலைக்கு வரும் பையன் சன்னலுக்கு வெளியே இறங்கி, ஒன்றரை அடி அகல சன்ஷேடில் நின்றுகொண்டு, ஒரு கையால் சன்னல் கம்பியைப் பிடித்து மறுகையால் திருகாணி கழற்றுகிறான். என்னிடம் படித்தவர்களில் ஒருவர் இப்படி இரண்டாவது மாடியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இன்று வேறு தொழிலுக்குப் போய்விட்டார். பாதுகாப்புக் கச்சை அணிய வேண்டும் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொன்னேன். அந்தக் கச்சையின் கொக்கியை மாட்ட எந்தச் சுவரில் ஒரு வளையம் இருக்கிறது? இப்போது அந்தப் பெட்டிகள்மீது தகட்டுக் கூடும் வந்துவிட்டால், அதே சன்ஷேடில் நின்று முதலில் கூட்டைக் கழற்ற வேண்டும். கழற்றியதை வைக்க இடமில்லாமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். நாம் தெருவில் நின்று அழகு பார்ப்பதற்காக, நம் வீட்டுக் குளிர்ச்சிக்கு உழைக்கும் ஒருவர் உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா என்று அந்தக் கூட்டத்தில் கேட்டேன். பதில் வரவில்லை.

புதிதாக அடுக்ககம் கட்டுவோரிடம் ஒரு வேண்டுகோள். படுக்கையறைச் சன்னலுக்குப் பக்கத்தில், பால்கனியிலிருந்து கால்வைத்துப் போகும்படி, இரண்டரை அடி அகலத்தில் ஒரு சிறு மேடையும், அதில் வடிநீர்க் குழாய்க்கு ஓர் இணைப்பும், கச்சைக் கொக்கிக்கு ஒரு வளையமும், முன்னால் அகன்ற பட்டை மறைப்பும் கட்டும்போதே அமைத்துவிட்டால், செலவு மிகச் சிறிது. வீடு வாங்குவோரும் சமையலறை மேடையின் கல்லைப் பற்றி விசாரிக்கும் அக்கறையில் கொஞ்சத்தை, அவுட்டோர் எங்கே உட்காரும் என்று கேட்பதற்கும் செலவிட வேண்டும். ஏசி இல்லாமல் வீடு வாங்குகிறவர் இன்று எவருமில்லை என்ற நிலையில், அதற்கு இடம் குறிக்காத வரைபடத்தை முழுமையானது என்று நான் ஏற்கமாட்டேன்.

எங்கள் கட்டடத்தைப் பொறுத்தவரை, முகப்பில் உள்ள 17 பெட்டிகளையும் அளந்து ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறேன். ஆறு பெட்டிகளைப் பின்புறக் காற்றுவெளிப் பக்கத்துக்கு மாற்றலாம். மேல்தளத்தின் நான்கு பெட்டிகளை மொட்டைமாடிக்கு ஏற்றலாம். கையேடு அனுமதிக்கும் குழாய் நீளத்துக்குள்ளேயே இந்தப் பத்தும் அடங்குகின்றன. கூடுதல் செம்புக் குழாய்க்கும் வாயுவுக்கும் ஆகும் தொகையையும் தனியே எழுதியுள்ளேன். எஞ்சிய ஏழு பெட்டிகளுக்கும் விலகி நிற்கும் பட்டை மறைப்பும், கழற்றித் திறக்கும் கீலும், சுவரில் இரும்பு வளையமும் வைப்பதற்கான படத்தை வரைந்து தந்தவர் என் அலமாரியைத் திறந்து பார்த்த அதே மாணவர்தான். அடுத்த கூட்டம் வரும் மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. பட்டியலையும் படத்தையும் அங்கே வைக்கிறேன். பிற அடுக்ககங்களில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு ஏதேனும் செய்து, ஒரு முழுக் கோடையையும் கடந்து பார்த்தவர்கள் இருந்தால், அவர்கள் இப்பகுதிக்கு எழுத வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
கும்பகோணம்.